சொல்லாமல் விட்ட சொல்

அரசியல் சட்டம் ஒன்றை வழக்கறிஞர் படிக்கும் முறை வேறு. இலக்கியத் திறனாய்வாளர் படிக்கும் முறை வேறு. எழுதப்பட்டிருப்பது எது என்று முன்னவர் பார்ப்பார். எழுதாமல் ஒதுக்கப்பட்டது எது என்பதையும் சேர்த்துப் பார்ப்பவர் பின்னவர். 1787-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் கூடியோர் வரைந்த அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசியல் சட்டத்தை இந்த இரண்டாம் முறையில் படிப்போர்க்கு வியப்பொன்று காத்திருக்கிறது. அந்நாட்டில் அன்று ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் அடிமைகளாக இருந்தனர். அவர்களைப் பற்றிய விதிகள் அச்சட்டத்தில் மூன்று இடங்களில் உள்ளன. ஆயினும் 'அடிமை' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

மக்கள் தொகைக்கேற்பப் பிரதிநிதிகளை ஒதுக்கும் விதி, சுதந்திர மக்களை முழுமையாகவும் 'ஏனையோரை' ஐந்தில் மூன்று பங்காகவும் எண்ணச் சொல்கிறது. அடிமைகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை 1808-க்கு முன் தடை செய்யலாகாது என்னும் விதி, ஆட்களின் வருகை பற்றிப் பொதுவாகப் பேசி நின்றுவிடுகிறது. தப்பியோடிய அடிமையைத் திருப்பித் தரவேண்டும் என்னும் விதியோ, பணிக்கும் உழைப்புக்கும் கட்டுப்பட்ட ஆள் என்று அவனைக் குறிக்கிறது. மனிதரைச் சொத்தாகக் கொள்ளலாம் என்ற கருத்தை அரசியல் சட்டத்துக்குள் ஏற்பது தவறு என ஜேம்ஸ் மாடிசன் அம்மன்றத்திலேயே கூறினார். அவரும் அடிமைகளை உடையவரே. சொல்வதற்கு நாணினர், செய்வதற்கு நாணவில்லை.

அச்சொல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்றது 1865-இல். அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தமே அதனை எழுதியது. இடையில் சென்ற 78 ஆண்டுகளின் இறுதியில் நான்காண்டு உள்நாட்டுப் போர் மூண்டு ஓய்ந்திருந்தது. அதில் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் மடிந்தனர் என்பது நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு; அண்மைக்கால ஆய்வுகள் அதனினும் மிகுதி என்கின்றன. அப்போரின் காரணங்களை வரலாற்று நூல்கள் பலவாறு விரித்துரைக்கும். நாம் இங்கு மேற்கொள்வது ஒரு சிறு முயற்சி. அக்காலத்து நாவல் ஒன்று, தன்வரலாறு ஒன்று, நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, திருத்தந்தை ஒருவரின் மடல் ஒன்று ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் படித்து, உண்மையின் பெயரைச் சொல்ல மறுத்த மொழி ஒரு நாட்டைப் போர்க்களத்துக்கு இட்டுச்சென்ற வகையைக் காண்போம்.

கோடு கிழித்துப் பெற்ற அமைதி

சட்டத்தை வரைந்தோரில் பலர், அடிமை முறை காலப்போக்கில் தானே தேய்ந்து மறையும் என நம்பினர். வட மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிட்டும் வந்தன. ஆனால் 1793-இல் ஈலை விட்னி என்பவர் உருவாக்கிய பருத்திக் கொட்டை நீக்கும் பொறி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிற்று. தெற்கின் உள்நாட்டு நிலமெல்லாம் பருத்திக் காடாயிற்று. 1860-இல் அந்நாட்டு ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியே. அடிமைகளின் தொகை 40 லட்சத்தை நெருங்கியிருந்தது.

எனவே புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாநிலமும் ஒரு கேள்வியோடு வந்தது. இதில் அடிமைகள் உண்டா, இல்லையா? செனட் அவையில் இரு பகுதிகளும் சம எண்ணிக்கையில் இருக்கும்வரை எவரும் எவரையும் வெல்ல இயலாது. 1820-இல் மிசூரியை அடிமை மாநிலமாகவும் மெய்னைச் சுதந்திர மாநிலமாகவும் சேர்த்துக்கொள்ள உடன்பாடாயிற்று. லூசியானாப் பெருநிலத்தில் மிசூரி நீங்கலாக, 36 பாகை 30 கலை என்னும் அகலக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றும் முடிவாயிற்று. அமைதி கிட்டியதென்று பலர் மகிழ்ந்தனர். முதுமையில் இருந்த தாமஸ் ஜெபர்சனோ, அச்செய்தி நள்ளிரவில் ஒலிக்கும் தீ எச்சரிக்கை மணிபோலத் தம்மைத் திடுக்கிட்டு எழச் செய்ததாக நண்பர் ஒருவருக்கு எழுதினார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். தம் வீட்டிலேயே கனன்ற நெருப்பை அறிந்திருந்தமையால்தான் மணியோசை அவர் செவிக்கு முதலில் எட்டியது போலும்.

இந்த உடன்பாட்டின் மொழியை நாம் கருத்தூன்றிப் பார்க்கவேண்டும். அதில் பாகை உண்டு, கலை உண்டு, எல்லை உண்டு, எண்ணிக்கை உண்டு. விற்கப்படும் தாயும் பிரிக்கப்படும் பிள்ளையும் அதில் இல்லை. ஒரு கொடுமையை நிலவியலாக மாற்றிவிட்டால் அதனைப் பற்றிப் பண்போடு பேரம் பேச முடியும்.

வாய்ப்பூட்டு

1831-இல் வில்லியம் லாயிட் கேரிசன் பாஸ்டன் நகரில் அடிமை ஒழிப்பு இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமைப் போதகர் தலைமையில் எழுந்த கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. அதுமுதல் தெற்கு அச்சத்தின் பிடியில் வாழ்ந்தது. அச்சம் பேச்சுக்குப் பகையாயிற்று. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தென்மாநிலங்கள் பல சட்டத்தால் தடுத்தன. 1835-இல் சார்ல்ஸ்டன் நகர அஞ்சலகத்தினின்று அடிமை ஒழிப்பு ஏடுகளைக் கைப்பற்றி ஒரு கும்பல் தீயிட்டது. 1836-இல் நாட்டுப் பேரவையின் கீழவை, அடிமை முறை குறித்து மக்கள் அனுப்பும் விண்ணப்பங்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்க விதி செய்தது. 1837-இல் இல்லினாய் மாநிலத்து ஆல்ட்டன் ஊரில், தம் அச்சகத்தைக் காக்க நின்ற எலைஜா லவ்ஜாய் என்னும் இதழாசிரியர் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவற்றின் விளைவு, வாய்ப்பூட்டு இட்டோர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அமைந்தது. வடக்கில் பெரும்பாலோர்க்குக் கறுப்பின மக்கள்மீது தனிப் பரிவு இருந்ததில்லை. ஆனால் அடிமை முறையைக் காப்பதற்காகத் தம் விண்ணப்ப உரிமையும் அஞ்சல் உரிமையும் அச்சுரிமையும் பறிபோவதைக் கண்டபோது, அதுவரை வாளாவிருந்தோரும் அதனைத் தம் சிக்கலாக உணரத் தொடங்கினர். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ், கீழவையின் சாதாரண உறுப்பினராக இருந்து எட்டு ஆண்டுகள் சலியாமல் போராடி 1844-இல் அவ்விதியை நீக்கச் செய்தார்.

தெற்கின் மொழியும் இக்காலத்தில் மாறிற்று. முந்தைய தலைமுறையினர் அடிமை முறையைத் தவிர்க்க இயலாத் தீமை என்றே பேசிவந்தனர். 1837-இல் செனட் அவையில் ஜான் கால்ஹூன் அதனை ஒரு நன்மை என்றே அறிவித்தார். தீமையெனக் கருதுவதைக் குறைக்க உடன்படலாம். நன்மையெனக் கருதுவதைப் பரப்பவே மனம் விழையும். பேரத்துக்கு இடமளித்த பழைய பொதுமொழி அன்றோடு வறளத் தொடங்கிற்று.

பெயர் சூட்டிய நாவல்

மெக்சிகோவுடன் நடந்த போரில் பெருநிலம் கைவந்ததும் பழைய கேள்வி மீண்டும் தலைதூக்கியது. 1850-ஆம் ஆண்டு உடன்பாடு கலிபோர்னியாவைச் சுதந்திர மாநிலமாக ஏற்றது. ஈடாகத் தெற்குக்குக் கடுமையான தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை அளித்தது. அச்சட்டப்படி, பிடிபட்டவர் தம் சார்பில் சாட்சி சொல்ல முடியாது. நடுவர் குழு விசாரணையும் கிடையாது. அவர் அடிமையே என்று தீர்ப்பளித்தால் விசாரணை அலுவலருக்கு 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். வழியிற்போகும் வடபுலக் குடிமகனையும் பிடிக்க உதவுமாறு கட்டளையிடலாம். மாநில உரிமை பேசியவர்கள், தங்களுக்கு வேண்டியபோது நடுவண் அரசின் கையை வட மாநிலங்களின் தெருக்கள்வரை நீட்டச் செய்தனர் என்பது குறிக்கத்தக்கது.

இச்சட்டம் பிறப்பித்ததே ஹேரியட் பீச்சர் ஸ்டோ அம்மையாரின் 'டாம் மாமாவின் குடிசை'. வார இதழ் ஒன்றில் 1851-இல் தொடராகத் தொடங்கி, 1852 மார்ச்சில் நூலாகி, ஓராண்டுக்குள் அமெரிக்காவில் மட்டும் 3 லட்சம் படிகள் விற்றது. ஓகையோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டி நகரில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர் ஆசிரியர். அவ்வாற்றின் மறுகரையில் இருந்தது அடிமை மாநிலமான கென்டக்கி. 1849-இல் தம் கைக்குழந்தையை அவர் காலராவுக்குப் பறிகொடுத்தார். பிள்ளையைப் பிரியும் அடிமைத் தாயின் துயரை அவர் எழுதியதில் அத்துன்பமும் கலந்திருந்தது.

நாவலின் வலிமை கொடியவன் லெக்ரியைப் படைத்ததில் இருக்கிறது எனப் பலர் எண்ணுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதன் வலிமை நல்லவர்களைப் படைத்ததில் இருக்கிறது. முதல் உரிமையாளர் ஷெல்பி இரக்கமுள்ளவர். கடன்பட்டதால் டாமை விற்கிறார். அடுத்தவர் செயின்ட் கிளேர் அறிவும் அன்பும் வாய்ந்தவர். விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் இறக்கிறார். அவர் மனைவி டாமைச் சந்தைக்கு அனுப்புகிறார். ஒருவர் கடனும் மற்றவர் சாவும் போதும், எல்லா நற்பண்பும் பயனற்றுப் போகும். தீமை தனி மனிதரின் கொடுங்குணத்தில் மட்டும் குடியிருப்பதில்லை, மனிதரைச் சொத்தாக்கும் சட்டத்தில் குடியிருக்கிறது என்பதை இதனினும் தெளிவாக எந்தச் சொற்பொழிவும் காட்டவில்லை.

ஓகையோ மாநில மன்ற உறுப்பினர் பேர்டு வரும் பகுதியும் நினைக்கத் தக்கது. தப்பியோடுவோர்க்கு உதவுவதைத் தடுக்கும் சட்டத்துக்கு வாக்களித்துவிட்டு அவர் வீடு திரும்புகிறார். அன்றிரவே பனிக்கட்டிகள் மிதக்கும் ஆற்றைக் கடந்து, குழந்தையோடு எலைசா அவர் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து சேர்கிறாள். 'தப்பியோடியோர்' என்பது அதுவரை அவருக்குத் தாளில் உள்ள எழுத்து. இப்போது அது மயங்கி விழுந்து கிடக்கும் ஒரு பெண். தாம் ஆதரித்த சட்டத்தைத் தாமே மீறி, இரவோடிரவாக அவளை வண்டியேற்றிச் செல்கிறார். அரசியல் சட்டமும் உடன்பாடுகளும் பெயரற்ற 'ஆட்கள்' ஆக்கி வைத்திருந்தவர்களுக்கு எலைசா, டாம், டாப்சி, கேசி எனப் பெயர் சூட்டியதே இந்நாவல் செய்த பெரும்பணி.

குறைகளும் உண்டு. கறுப்பினத்தார் இயல்பிலேயே சாதுவானவர் என்பன போன்ற பொதுக் கூற்றுகள் இன்று நெருடுகின்றன. கல்வியும் துணிவும் மிக்க ஜார்ஜ் ஹாரிஸ் இறுதியில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பப்படுகிறான். அமெரிக்காவில் அவனுக்கு இடமுண்டு என்று எழுத ஆசிரியரின் கை துணியவில்லை. 1949-இல் ஜேம்ஸ் பால்டுவின் இந்நாவலின் மிகையுணர்ச்சியைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் 'டாம் மாமா' என்னும் பெயர் பணிந்து கும்பிடுபவனுக்கு வசைச் சொல்லாக மாறியதற்கு நாவலைவிட, அதனைக் கேலிக்கூத்தாக்கிய மேடை நாடகங்களே பெரிதும் பொறுப்பு. நாவலின் டாம் அடிபட்டுச் சாவது, ஒளிந்திருக்கும் இரு பெண்களின் மறைவிடத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்ததனால். அது கோழையின் சாவு அன்று.

தெற்கு இதற்கு மறுப்பாக இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தது. மேரிலாந்தில் சாமுவேல் கிரீன் என்னும் சுதந்திரக் கறுப்பினப் போதகர், இந்நூலைத் தம்மிடம் வைத்திருந்த குற்றத்துக்காக 1857-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இந்தப் பெரும்போரை உண்டாக்கிய சிறிய அம்மையார் என்று லிங்கன் ஸ்டோவை அழைத்ததாக ஒரு கதை வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் நூல் ஒன்றை வைத்திருந்தவரைச் சிறையிலிட்டது மெய். ஒரு நூலின் வலிமைக்கு அச்சிறைத்தண்டனையே போதிய சான்று.

தன் கதையைத் தானே எழுதியவர்

ஸ்டோ பிறருக்காகப் பேசினார். 1845-இல் வெளிவந்த பிரெடெரிக் டக்ளஸின் தன்வரலாற்றில், பேசுபவரே அடிமையாய் இருந்தவர். மேரிலாந்தில் பிறந்த அவருக்குச் சிறுவயதில் பால்டிமோர் நகர வீட்டுத் தலைவி எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். படித்தவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாவான் என்று அவள் கணவர் தடுத்தார். அந்தத் தடையிலிருந்தே விடுதலைக்கான வழியைத் தாம் கற்றுக்கொண்டதாக டக்ளஸ் எழுதுகிறார். 1838-இல் தப்பியவர், ஏழாண்டுக்குப் பின் தம் உரிமையாளரின் பெயரையும் ஊரையும் வெளிப்படையாக அச்சிட்டார். பெயர்களைச் சொன்னதனாலேயே பிடிபடும் ஆபத்து நேர்ந்தது. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்று ஏறத்தாழ இரண்டாண்டு தங்க வேண்டியதாயிற்று. நண்பர்கள் பணம் திரட்டி 1846-இல் அவரது விடுதலையை விலைக்கு வாங்கினர்.

சமயம் குறித்து அவர் எழுதியவை நம்மைப் போன்றோர் பொறுமையோடு படிக்கவேண்டியவை. அவருடைய எசமானர்களில் ஒருவர் மெதடிஸ்டுக் கூட்டமொன்றில் மனமாற்றம் அடைந்தார். இனி இரக்கம் பிறக்கும் என அடிமைகள் எதிர்பார்த்தனர். பிறந்ததோ பக்தியால் நியாயப்படுத்தப்பட்ட கூடுதல் கொடுமை. எனவே கிறிஸ்துவின் சமயம் வேறு, தம் நாட்டில் வழங்கும் சமயம் வேறு என்று நூலின் பின்னிணைப்பில் அவர் பிரித்துக் காட்டுகிறார். முன்னதை நேசிப்பதாலேயே பின்னதை வெறுக்கிறேன் என்பது அவர் வாதத்தின் சாரம். ஸ்டோவின் நடை கண்ணீரை வரவழைக்கிறது. டக்ளஸின் நடை மனச்சான்றை விசாரிக்கிறது. இலக்கியத் தராசில் நாம் பின்னதற்கே எடை கூடுதல் என்போம்.

சொல் ஓய்ந்து தடி எழுந்தது

1854-இல் ஸ்டீபன் டக்ளஸ் என்னும் செனட்டர் கொண்டுவந்த கான்சாஸ்-நெப்ராஸ்காச் சட்டம் 1820-ஆம் ஆண்டுக் கோட்டை அழித்தது. அடிமை முறை வேண்டுமா என்பதை அங்குக் குடியேறுவோரே வாக்களித்து முடிவு செய்யலாம் என்றது. மக்களாட்சியின் மொழிபோலத் தோன்றும் இவ்வேற்பாட்டில் அடிமைகளுக்கு மட்டும் வாக்கு இல்லை. இருதரப்பாரும் கான்சாஸுக்கு ஆளனுப்பினர், துப்பாக்கியும் அனுப்பினர். 1856 மே 21-இல் அடிமை முறை எதிர்ப்பாளரின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில் செனட் அவைக்குள்ளேயே, கான்சாஸ் பற்றிக் கடுமையாகப் பேசிய சார்ல்ஸ் சம்னரைப் பிரெஸ்டன் புரூக்ஸ் என்னும் கீழவை உறுப்பினர் கைத்தடியால் இரத்தம் பெருக அடித்தார். சம்னர் மீண்டும் முறையாக அவைக்குத் திரும்ப மூன்றாண்டுகளுக்கு மேலாயிற்று. புரூக்ஸுக்கோ தெற்கிலிருந்து பரிசாகப் புதிய கைத்தடிகள் வந்தன. அதே வாரத்தில் கான்சாஸில் ஜான் பிரவுன் தலைமையில் சென்றோர் அடிமை முறை ஆதரவாளர் ஐவரை வெட்டிக் கொன்றனர். பேச்சு தோற்ற இடத்தில் தடியும் வாளும் புகுந்தன.

ஒரு தீர்ப்பின் மொழி

இந்நிலையில்தான் உச்ச நீதிமன்றம் சிக்கலைத் தீர்க்க முன்வந்தது. எசமானரோடு சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் தானும் சுதந்திரனே என டிரெட் ஸ்காட் என்னும் அடிமை தொடுத்த வழக்கில், 1857 மார்ச் 6-இல் தலைமை நீதிபதி ராஜர் டானி தீர்ப்பளித்தார். கறுப்பினத்தார் அமெரிக்கக் குடிமக்கள் ஆகார்; புதிய ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாட்டுப் பேரவைக்கு அதிகாரமில்லை. டானி கத்தோலிக்கர், அப்பதவியை வகித்த முதல் கத்தோலிக்கர். இளமையில் தம் அடிமைகளுக்குத் தாமே விடுதலை அளித்தவரும்கூட.

தீர்ப்பின் நடை அமைதியானது, தருக்கம் கோத்தது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் எனச் சுதந்திரப் பிரகடனம் கூறுவதை அவர் அறிவார். எழுதியோர் மனத்தில் கறுப்பினத்தார் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் அவர்கள் செயல் சொல்லுக்கு முரணாகுமே என்று வாதிடுகிறார். முரணைக் கண்டு செயலைத் திருத்துவதற்கு மாறாக, சொல்லைச் சுருக்கிவிடுகிறார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ், அரசியல் சட்டம் ஏற்கப்பட்ட நாளில் ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பின ஆண்கள் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர் என எடுத்துக்காட்டினார். ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக வழக்கு முடிந்தது. சிக்கல் முடியவில்லை. இனி எந்த உடன்பாட்டுக்கும் சட்டத்தில் இடமில்லை என்றாயிற்று.

நம் திருச்சபையின் வாசிப்பு

டானியைக் குறைகூறி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. சொல்லைச் சுருக்கிப் படிக்கும் கலை திருச்சபைக்குள்ளும் நடந்தது. 1839 டிசம்பரில் திருத்தந்தை 16-ஆம் கிரகோரி வெளியிட்ட மடல் அடிமை வணிகத்தைக் கண்டித்தது. கறுப்பினத்தாரையோ பிறரையோ அநீதியாக அடிமைப்படுத்துவதையும் அவ்வணிகத்தை நியாயமெனப் போதிப்பதையும் தடை செய்தது. தேர்தல் காலத்தில் தென்னக அரசியல்வாதி ஒருவர் இதைக் காட்டிக் கத்தோலிக்கர்மீது ஐயம் எழுப்பினார். உடனே சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து தொடர்மடல்கள் எழுதி, திருத்தந்தை கண்டித்தது கடல்கடந்த வணிகத்தையே என்றும் உள்நாட்டு அடிமை முறையை அன்று என்றும் விளக்கமளித்தார். அயர்லாந்தில் பிறந்து, கறுப்பினச் சிறாருக்குப் பள்ளி தொடங்கி, எதிர்ப்புக்கு அஞ்சி அதனை மூட நேர்ந்தவர் அவர். சிறுபான்மை மந்தையைக் காக்கும் கவலை அவருடையது. அக்கவலையை நாம் உணரலாம். அந்த வாசிப்பை ஏற்க முடியாது.

மெதடிஸ்டுகள் 1844-இலும் பாப்டிஸ்டுகள் 1845-இலும் இதே கேள்வியால் வடக்கு, தெற்கு எனப் பிளந்தனர். நாட்டைப் பிணைத்த கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்துவருவதற்கு அப்பிளவுகளைக் கால்ஹூன் 1850-இல் தம் இறுதிப் பேருரையில் சான்று காட்டினார். கத்தோலிக்கத் திருச்சபை பிளவுபடவில்லை. இதனைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. அந்த ஒற்றுமை எதனால் காக்கப்பட்டது என்று கேட்டால் பெருமை குன்றிவிடும். பிலமோனுக்குப் பவுல் எழுதிய திருமுகத்தைக் காட்டி, ஓடியவனைத் திருப்பி அனுப்புவதே மறைநெறி என்றனர் எசமானர்கள். ஒனேசிமுவை இனி அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாகவே ஏற்க வேண்டும் என்று அதே திருமுகம் கேட்பதை உரத்துச் சொன்ன ஆயர்கள் மிகச் சிலரே. போர் நடக்கையில் அடிமை விடுதலையை வெளிப்படையாக ஆதரித்த சின்சினாட்டிப் பேராயர் ஜான் பர்செல் அச்சிலருள் ஒருவர்.

வெளிப்பட்ட சொல்

1859 அக்டோபரில் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கினார், டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். வடக்கில் சிலர் அவரை மறைசாட்சியாகப் போற்ற, தெற்கு அதிர்ந்தது. 1860 நவம்பரில், அடிமை முறை பரவுவதைத் தடுப்போம் என்ற குடியரசுக் கட்சியின் ஆபிரகாம் லிங்கன் நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளோடு வென்றார். டிசம்பர் 20-இல் தென் கரோலினா பிரிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் ஆறு மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஏப்ரல் 12-இல் சம்ட்டர் கோட்டைமீது குண்டு பாய்ந்தது. பின்னர் மேலும் நான்கு மாநிலங்கள் சேர்ந்தன.

வரிவிதிப்பும் மாநில உரிமையுமே பிரிவினைக்குக் காரணம் என்று பிற்காலத்தில் எழுதியோர் பலர். பிரிந்தவர்கள் அன்று எழுதியதைப் படித்தால் ஐயம் தீரும். தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய நான்கும் வெளியிட்ட காரண அறிக்கைகள் அடிமை முறையையே முன்னிறுத்துகின்றன. 1861-இல் தென்னகக் கூட்டரசு வரைந்த அரசியல் சட்டம், பெரும்பாலும் 1787-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படியெடுத்தது. ஒரு மாற்றம் மட்டும் கண்ணில் அறைகிறது. முன்னோர் நாணி ஒளித்த சொல்லைப் பின்னோர் நாணமின்றி எழுதினர். கறுப்பின அடிமைகள்மீதுள்ள சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் இயற்றலாகாது என்றே விதித்தனர். எழுபத்து நான்கு ஆண்டுகள் மறைத்தும் அச்சொல் மடியவில்லை. வெளியே வந்தபோது படையோடு வந்தது.

லிங்கனும் இறுதியிலேயே அதனை முழுமையாகச் சொன்னார். 1865 மார்ச் 4-இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரை மிகச் சிறியது. இருதரப்பாரும் ஒரே விவிலியத்தைப் படித்தனர், ஒரே கடவுளை வேண்டினர் என்று அவர் நினைவூட்டினார். வெற்றி கைக்கெட்டிய வேளையில் தெற்கின்மீது மட்டும் பழிசுமத்தாமல், இப்போர் வடக்குக்கும் தெற்குக்கும் பொதுவான குற்றத்துக்கு வந்த தண்டனையாக இருக்கலாம் என்றார். அடிமையின் உழைப்பால் நெய்த துணியை உடுத்தியவர்களும் அக்குற்றத்தில் பங்குடையோரே. நாம் எடுத்துக்கொண்ட எழுத்துகளில் ஸ்டோவின் இரக்கமும் டக்ளஸின் நேர்மையும் ஒன்றுசேர்ந்து அரசின் வாயால் ஒலித்தது இவ்வுரையில்தான். ஆறு வாரத்துக்குள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உள்நாட்டுப் போர் தவிர்த்திருக்கக் கூடியதா என்னும் வினாவுக்கு வரலாற்றாசிரியர்கள் விடை தேடட்டும். நாம் படித்த அளவில் ஒன்று தெளிவாகிறது. 1787, 1820, 1850 ஆகிய உடன்பாடுகள் ஒவ்வொன்றும் அமைதி எனப் போற்றப்பட்டன. ஒவ்வொன்றிலும் அமைதிக்கான விலையைச் செலுத்தியவர் உடன்பாட்டு மேசையில் இடம்பெறாதவர். அவர் பெயரைச் சொல்லாதிருப்பதே நாகரிகம் எனப்பட்டது. அந்நாகரிகத்தால் போர் விலகவில்லை, தள்ளிப்போயிற்று, தள்ளிப்போன ஒவ்வொரு பத்தாண்டிலும் அதன் விலை உயர்ந்தது.

1838-இல் மேரிலாந்து இயேசு சபையினர், ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடன் உள்ளிட்ட நெருக்கடிகளைத் தீர்க்க, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 272 பேரை லூசியானாத் தோட்டங்களுக்கு விற்றனர். விலை 1,15,000 டாலர். குடும்பங்களைப் பிரிக்கலாகாது என்ற மேலிடத்து நிபந்தனை முழுமையாகக் காக்கப்படவில்லை. விற்பனைக்காக எழுதப்பட்ட பட்டியல் அழியாமல் எஞ்சியது. அதில் ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது. 2017 ஏப்ரலில் இயேசு சபையும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும், அவர்களுடைய வழித்தோன்றல்கள் முன்னிலையில் வழிபாடு நடத்தி மன்னிப்பு வேண்டின. விற்பனையை நடத்திய மறைமாநிலத் தலைவரின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்துக்கு, பட்டியலின் முதற்பெயரான ஐசக் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது. விலைச்சீட்டாக எழுதிய ஏட்டைக்கொண்டே இன்று பலர் தம் மூதாதையரைத் தேடிக் கண்டுகொள்கின்றனர்.